அரசர் கல்லறையில் ஒரு பெருக்கல் குறி

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கொஞ்சம் மரியாதை. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. துளிகூடக் கிடையாது. தாலாட்டுக்கும் தவிலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஒன்றில் தூக்கம் வரும், இன்னொன்றில் வராது என்பேன். அதுவும் நிச்சயமில்லை; கல்யாண வீடுகளில் தவிலுக்குப் பக்கத்திலேயே தூங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், இருபத்தாறு வயதில், ஜெர்மனியின் பழைய நகரம் ஒன்றில், அரச குடும்பத்தின் பல தலைமுறைகள் வரிசையாகப் படுத்திருக்கும் கல்லறைக் கூடத்தில், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பளிங்குத் தூண் ஒன்றை விரல் முட்டியால் தட்டி, அதற்குச் சுருதி சேரவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. கிழக்கு ஜெர்மனியில், டிரெஸ்டனுக்கு அருகே, ஒரு சுரங்க ஊர். ஒரு காலத்தில் வெள்ளி எடுத்துக் கொழுத்த ஊர். அங்கே ரொட்டிக் கடைக்காரர்கூட "க்ளூக் ஆவ்ஃப்" என்றுதான் வணக்கம் சொல்வார். நிலத்துக்குள் இறங்கியவன் நல்லபடியாக மேலே வரட்டும் என்று சுரங்கக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து அது. ரொட்டி வாங்கப் போனவனுக்கு எதற்கு அந்த வாழ்த்து என்று முதலில் யோசித்தேன். அந்த ரொட்டியைக் கடித்துப் பார்த்த பிறகு, அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது.

நெய்வேலிப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரை அங்குள்ள சுரங்கக் கல்லூரிக்குப் படிக்க அனுப்பியிருந்தார்கள். ஒருவன் நான், பாளையங்கோட்டைக்காரன். இன்னொருவர் மேலப்பாளையத்துக்காரர், முஸ்லிம், என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை, மனநிலையைப் பொறுத்து, தம்பி என்றோ ஏலே என்றோ கூப்பிடுவார். ஊரில் இருந்தவரை இருவரும் முகம் பார்த்ததில்லை. இங்கே வந்து விடுதியில் ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ஸ்டவ் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அதனால் அதற்கு மேல் ஒரு துணியைப் போர்த்தி, உலக உருண்டை என்று விடுதிக்காரரிடம் சொல்லி வைத்திருந்தோம்.

அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை, வெளிநாட்டு மாணவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். வியட்நாம், பல்கேரியா, கியூபா என்று இருபது பேர். பழைய நகரத்தின் நடுவில், சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால், பெரிய தேவாலயம். அதன் கோடியில், இரும்புக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், அரசர்களின் கல்லறைக் கூடம்.

கதவைத் திறந்துவிட்டவர் அறுபதை நெருங்கிய ஓர் அம்மாள். சாம்பல் நிறக் கோட்டு, இறுக்கிக் கட்டிய கொண்டை, இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவிகள். அந்த வளையத்தைப் பார்த்ததுமே அண்ணாச்சி, "நம்மூர்ல இத்தன சாவி வச்சிருந்தா ஏழு மாளிகைக்கு மருமகளாயிருக்கணும்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் சாவிக்கார அம்மாள்தான். உள்ளே போவதற்கு முன், பூட்ஸுக்கு மேல் மாட்டிக்கொள்ள ஆளுக்கு ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம். கோயில் என்றால் செருப்பைக் கழற்றிப் பழகிய கால். இங்கே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு. வழுக்கிக்கொண்டே போய் முதல் அரசரின் மடியில் விழப் பார்த்தேன்.

உள்ளே சுவரெல்லாம் சிவப்பும் கருப்புமாகப் பளிங்கு. மாடங்களில் வெண்கல அரசர்களும் அரசிகளும் ஆளுயரத்தில் மண்டி போட்டுக் கை கூப்பியிருந்தார்கள். தரையில் பித்தளைத் தகடுகள்; ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆள். தலைக்கு மேலே, தூண்கள் முடியும் இடத்து விளிம்பில், கொழுகொழு தேவதைகள் பிடிலும் கொம்பும் வீணை மாதிரி ஒன்றும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சாவிக்கார அம்மாள் எங்களுக்காக மெதுவான ஜெர்மன் மொழியில், இவர் இன்னாரின் மகன், இவர் இன்னாரின் மனைவி, பிள்ளை பெற்று மூன்றாம் நாள் போய்விட்டார் என்று, தன் வீட்டு மனிதர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மாடத்திலும் மறக்காமல் ஒரு வாக்கியம்: "எதையும் தொடாதீர்கள்."

அங்கே சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு அரசர் கட்டிய தூணைப் பார்த்தால் கை நிற்காது. நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் ஸ்வரம் கொடுக்கும் கல்தூண்கள் இருக்கின்றன. சின்ன வயதில் அவற்றைத் தட்டாமல் தாண்டிப் போனவன் எங்கள் தெருவில் கிடையாது. அதை நான் பக்கத்தில் நின்ற பல்கேரியனிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கல் பாடுமா?" என்றான் அவன்.

"பாடும். இதுவும் அரசர் கட்டியதுதானே, பாடணும்."

"ஏலே, கைய வச்சுக்கிட்டுச் சும்மா நில்லு" என்றார் அண்ணாச்சி.

தட்டினேன். முதல் தூண் 'கிண்' என்றது. இரண்டாவதும் கிண். பல்கேரியன் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் வரிசையாகத் தட்டினேன். கிண், கிண். திடீரென்று ஒன்று 'பொத்' என்றது. நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கச்சேரி விமரிசகர் மாதிரி கையை உயர்த்தி, "மன்னிக்கவும், இந்தத் தூண் தூணே இல்லை. காலி பிஸ்கட் டின்!" என்று அறிவித்தேன்.

இருபது பேரும் சிரித்தார்கள். சாவிகள் குலுங்க அந்த அம்மாள் என்னை நோக்கி வந்தார். அவர் முகம் கோபத்திலிருந்து ஒரு கணம் வேறெதற்கோ மாறி, மறுபடி கோபத்துக்குத் திரும்பியது. அதைப் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை.

"வெளியே" என்றார்.

வெளியே போனேன். மழை. கம்பளிச் செருப்பைக் கழற்ற மறந்துபோய், அதோடு சந்தைச் சதுக்கத்தில் பாதி தூரம் நடந்துவிட்டு, திருப்பிக் கொடுக்க மறுபடி போய், மறுபடி "வெளியே" வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தில் சுரங்கப் பாடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் எங்களைப் பயிற்சிச் சுரங்கத்துக்குள் இறக்குவார்கள். அங்கே முதல் பாடம், கூரையைத் தட்டிப் பார்ப்பது. இரும்புக் கம்பியால் மேல் பாறையைத் தட்டினால், கெட்டிப் பாறை மணி மாதிரி ஒலிக்கும்; பிளந்து தொங்கும் பாறை செத்த சத்தம் போடும். எங்கள் பக்கத்தில் நிலக்கரியைத் திறந்தவெளியில் வெட்டுகிறோம். எங்கள் சுரங்கத்துக்குக் கூரை வானம்தான். அதைத் தட்டிப் பார்க்க யாரும் எனக்கு ஏணி கொடுத்ததில்லை. இருந்தாலும் பாடம் பாடம்தானே. பயிற்சிச் சுரங்கத்து மேஸ்திரி, புலி மீசை வைத்த பெரிய ஆள், இரண்டு முறை என்னைச் சோதித்தார். இரண்டு முறையும் கெட்டிப் பாறையைத் தொங்கும் பாறை என்றும், தொங்கும் பாறையை மிகவும் நம்பகமானது என்றும் சொன்னேன். என் பயிற்சி நோட்டில் அவர் எழுதியது ஒரே வரி: "காது இல்லை."

அண்ணாச்சியிடம் காட்டி அழாக்குறையாக, "இப்படி எழுதிட்டாரே" என்றேன்.

"உள்ளதத்தானல எழுதியிருக்காவ" என்றார்.

ஆனால் மேஸ்திரி என்னைக் கைவிடவில்லை. வெடிச் சத்தத்தில் காது போன வயசான தொழிலாளர்கள் செய்யும் முறை ஒன்றைக் காட்டிக் கொடுத்தார். வலது கையால் தட்டும்போது இடது கையின் விரல் நுனிகளைப் பாறையில் வைத்துக்கொள்ள வேண்டும். கெட்டிப் பாறை அசையாது. தொங்கும் பாறை விரலுக்கடியில் கிசுகிசுக்கும், மூடிய பெட்டிக்குள் வண்டு இருப்பதுபோல. காது இல்லாத எனக்கு விரல் இருந்தது. மூன்றாவது சோதனையில் தேறினேன். தொங்கும் பாறையைக் கண்டால் உடனே சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட வேண்டும். முட்டு மரம் கொடுக்கும்வரை அந்தக் குறிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. புதுத் தொழிலாளியானாலும் டைரக்டரானாலும் ஒரே விதி. அந்த ஊரில் அதை யாரும் மீறிப் பார்த்ததில்லை என்றார் மேஸ்திரி.

நவம்பரில் ஒரு புதன்கிழமை மாலை, விடுதிக்காரர் கதவைத் தட்டி, தேவாலயத்திலிருந்து ஒரு பெண்மணி இந்தியரைத் தேடி வந்திருக்கிறார் என்றார். அண்ணாச்சி அவசரமாக உலக உருண்டையை அணைத்தார்.

"தொலைஞ்ச லே. உன்ன ஊருக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்க வந்திருக்காவ."

சாவிக்கார அம்மாள் உள்ளே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள்,

"எந்தத் தூண்?" என்றார்.

"எது?"

"நீங்கள் பிஸ்கட் டின் என்று சொன்னது. எந்தத் தூண்?"

எனக்கு நினைவில்லை. இருபது பேரைச் சிரிக்கவைக்கும் மும்முரத்தில் யார் எண்ணினார்கள்? இடது பக்கமா வலது பக்கமா என்பதுகூட மறந்துவிட்டது. அதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவர் சொன்னது இது. இரண்டு குளிர்காலமாக, காலையில் கூடத்தைப் பெருக்கும்போது, இடது பக்கச் சுவரோரம் தரையில் துரு நிறத்தில் பொடி கிடக்கிறது. ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை. பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். ஓர் அதிகாரி வந்தார். நடுவில் நின்று பைனாகுலரால் பார்த்தார். "கண்ணுக்குத் தெரிந்த சேதம் எதுவும் இல்லை" என்று எழுதினார். போகும்போது போதகரிடம், இந்த அம்மாள் செத்தவர்களோடு நீண்ட காலம் தனியாக இருந்துவிட்டார் என்றாராம். அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

"கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் எங்கள் பாடகர் குழு அங்கேதான் நின்று பாடும். நாற்பது பேர். அந்தச் சுவருக்கு நேர் கீழே. அங்கே நிற்க வேண்டாம் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது."

"நீங்களே தட்டிப் பார்த்திருக்கலாமே?" என்றார் அண்ணாச்சி.

அம்மாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் 'தொடாதீர்கள்' என்று சொன்ன கைகள்.

"தட்ட முடியவில்லை" என்றார். "ஆனால் நீங்கள் தட்டியபோது கேட்டேன். நான் பைத்தியமில்லை. எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். வேறு ஆள் கிடைத்திருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன்."

மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் இருவரும் போனோம். சுரங்கத்து இரும்புக் கம்பியை அரசர்களின் பளிங்குமேல் வைக்க அம்மாள் சம்மதிக்கவில்லை. அதனால் அண்ணாச்சி, குழம்பு கிண்டும் மரக் கரண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். எவ்வளவு கழுவினாலும் அதில் மல்லிப்பொடி வாசம் போகாது. வெண்கல அரசர்கள் கை கூப்பியிருக்க, மல்லிப்பொடி மணக்க நான் வேலையை ஆரம்பித்தேன்.

கிட்டப் போய்ப் பார்த்ததும் ஒன்று புரிந்தது. நான் தூண் என்று நினைத்தவை முழுத் தூண்கள் அல்ல. செங்கல் சுவரின்மேல் தடித்த பளிங்குப் பலகைகளை நிறுத்தி, உள்ளே இரும்புக் கொக்கியால் பிடித்து, தூண்போலச் செய்திருந்தார்கள். அந்தப் பலகைகள் தாங்கிய விளிம்பின்மேல்தான் தேவதைகள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக, வலது கையில் கரண்டி, இடது கை விரல்கள் கல்லில். குளிரில் விரல் மரத்துப்போனது. வாயில் ஊதி ஊதி வைத்தேன். முதல் நான்கும் மலை மாதிரி நின்றன. ஐந்தாவதில் விரலுக்கடியில் வண்டு.

மறுபடி தட்டினேன். மறுபடி வண்டு. இடுப்பு உயரத்திலிருந்து என் கை எட்டும் உயரம்வரை அப்படியே.

"அண்ணாச்சி, நீங்க வைங்க."

அவர் விரலை வைத்தார். நான் தட்டினேன். அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. "ஆமாவே. ஆடுது" என்றார். இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக என்னை 'வே' போட்டு மதித்துப் பேசியது அன்றுதான். அதைக் கொண்டாட நேரமில்லை. அம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடுகிறது" என்றேன் ஜெர்மன் மொழியில்.

அம்மாள் பக்கத்து அரசியின் பீடத்தில் உட்கார்ந்துகொண்டார், அவர் வாழ்நாளில் யாரையும் உட்கார விடாத இடத்தில்.

நான் அப்போது செய்ததை யோசித்துச் செய்யவில்லை. பழக்கத்தில் செய்தேன். கோட்டுப் பையில் பயிற்சிச் சுரங்கத்து சாக்பீஸ் இருந்தது. அதை எடுத்து, கை எட்டிய உயரத்தில், முதலில் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். எதை எழுத ஆரம்பித்தாலும் மேலே சுழி போட்டே வளர்ந்த கை; கணக்குப் பரீட்சையானாலும் மளிகைச் சாமான் பட்டியலானாலும் அது இல்லாமல் ஓடாது. சுழிக்குக் கீழே, மேஸ்திரி சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒரு முழ நீளத்துக்குப் பெரிய பெருக்கல் குறி.

போட்டு முடித்த பிறகுதான் எங்கே நின்று என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. சிவப்புப் பளிங்கில் வெள்ளைக் குறி பளிச்சென்று தெரிந்தது.

"கழுவினால் போய்விடும்" என்றேன் அவசரமாக. "ஈரத்துணி போதும்."

அம்மாள் எழுந்து வந்து குறியைப் பார்த்தார். சுரங்க ஊரில் பிறந்து வளர்ந்தவர். அதன் பொருளை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வாயோரத்தில் அசைந்ததை யாராவது சிரிப்பு என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

"கழுவ மாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை பிற்பகல் பாடகர் குழுவின் ஒத்திகை. எங்கள் இருவரையும் பின் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார். நாற்பது பேர் பேசிக்கொண்டே கம்பிக் கதவுக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்த ஆள் சட்டென்று நின்றார். புலி மீசை. பயிற்சிச் சுரங்கத்து மேஸ்திரியேதான்; குழுவில் கட்டைக் குரல் அவருடையது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவர் நின்றதால் பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேர் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள், மீதிப் பேர் அவர்களின் மனைவிமார். எல்லோர் கண்ணும் சாக்பீஸ் குறிமேல்.

"யார் போட்டது?" என்றார் மேஸ்திரி.

நான் பின் பெஞ்சிலிருந்து எழுந்தேன். கால் முட்டி இரண்டும் தனித்தனியாக ஆடின. விரல் வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை.

"நீயா? காது இல்லாதவனா?"

"விரலால் பார்த்தேன்."

"மேலே இருக்கிற இந்தச் சுருட்டல் என்ன குறி?"

 அண்ணாச்சி எழுந்து, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல, "அது அவர்கள் வீட்டுச் சாமியின் அடையாளம். தடைகளை விலக்குகிறவர். எனக்குச் சம்பந்தமில்லை, ஆனால் ஆள் நல்லவர் என்று கேள்வி" என்றார்.

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றி, தான் மட்டும் தூணுக்குப் போனார். பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, விரல்களை வைத்து, முட்டியால் ஒரே ஒரு தட்டு. கையை எடுத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து வந்தார்.

"யாரும் உள்ளே போக வேண்டாம்" என்றார் குழுவைப் பார்த்து.

நாற்பது பேரும் ஏன் என்று கேட்காமல் திரும்பி வந்து பெரிய தேவாலயத்தின் பெஞ்சுகளில் உட்கார்ந்து ஒத்திகையை ஆரம்பித்தார்கள். சாவிக்கார அம்மாள் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு, இரண்டாம் வரிசையில் தன் இடத்துக்குப் போனார். பக்கத்திலிருந்த பெண் நகர்ந்து இடம் விட்டு, அவர் காதில் என்னவோ சொன்னார். சொன்னது மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும். அம்மாள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் 'சரி, சரி' என்று அசைத்தார்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார், இந்தத் தடவை பைனாகுலர் இல்லாமல், ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியுமாக. புராதனச் சின்னத்தில் சாக்பீஸால் கிறுக்கியது யார் என்று போதகரிடம் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். எங்களுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கம்பிக் கதவுக்கு முன்னால் மேஸ்திரியும், ஷிஃப்ட் முடித்து வந்த ஏழெட்டுத் தொழிலாளிகளும் முகத்து அழுக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"வழி விடுங்கள்" என்றார் அதிகாரி.

"விட்டாச்சு" என்றார் மேஸ்திரி. நிஜமாகவே எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். "போங்கள். ஆனால் குறிக்கு அடியில் முதலில் நிற்கப்போவது நீங்கள்."

அதிகாரி நாலு அடி போனார். ஐந்தாவது அடி வைக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"இது ஒரு வெளிநாட்டு மாணவனின் விளையாட்டு. கூடத்தில் எந்தச் சேதமும் தெரியவில்லை."

"தெரியாதுதான்" என்றார் சாவிக்கார அம்மாள். முன்னால் வந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்து நீட்டினார். ஊறுகாய் போடும் சீசா. பாதிக்கு மேல் துருப் பொடி. இரண்டு வருடம் பெருக்கி எடுத்ததை அவர் கொட்டாமல் சேர்த்து வைத்திருந்தார். "பக்கவாட்டில் நின்று விரலை வையுங்கள். இவர் தட்டுவார்."

'இவர்' என்றது என்னை. கரண்டியை அண்ணாச்சி நீட்டினார். அதிகாரி கையுறையைக் கழற்றி, வேண்டாவெறுப்பாக இரண்டு விரலை வைத்தார். தட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, மறுபடி தானாகவே வைத்தார், இந்தத் தடவை ஐந்து விரலும். மறுபடி தட்டினேன்.  அதிகாரியின் கண் மெல்ல மேலே போயிற்று. விளிம்பு, அதன்மேல் இரண்டு தேவதைகள், அவற்றின் கொழுத்த கால்கள், எல்லாம் ஏறக்குறைய அவர் தலைக்கு மேலே.

பக்கவாட்டில் நழுவி வெளியே வந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை முட்டு மரம் வேண்டும்?" என்றார்.

தொழிலாளிகள் ஆரவாரம் செய்தார்கள். தேவாலயத்துக்குள் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் எழும்பியிருக்காது. அண்ணாச்சி என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

மறுநாள் சுரங்கத்திலிருந்து பச்சைத் தேவதாரு மரங்கள் லாரியில் வந்து சதுக்கத்தில் இறங்கின. இரண்டிரண்டு பேராகத் தோளில் சுமந்து, பாட்டுப் பாடிக்கொண்டு, சந்தைக் கடைகளுக்கு நடுவே ஊர்வலமாகப் போனோம். ஜனம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. சாமி புறப்பாட்டில் சப்பரம் தூக்கிய நினைப்பில் நானும் ஒரு மரத்தின் பின்முனையைச் சுமந்தேன். யாரோ ஒரு பெண் கையசைத்தாள். பதிலுக்குக் கையசைக்கத் திரும்பினேன். என்னோடு மரமும் திரும்பி, ரொட்டிக் கடைப் பலகையைத் தட்டிக் கீழே தள்ளியது. கடைக்காரர் வெளியே வந்து என்னைப் பார்த்து, "க்ளூக் ஆவ்ஃப்!" என்று கத்தினார். வாழ்த்தும் தொனி இல்லை அது.

மேஸ்திரி வெண்கல அரசர்களுக்கு நடுவே மரங்களை நிறுத்தி, ஆப்பு வைத்து இறுக்கினார். ஒவ்வோர் ஆப்புக்கும் என்னைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னார். கடைசி ஆப்பு இறங்கியபோது, விரலுக்கடியில் வண்டு செத்துவிட்டது. கல் சுவரோடு சேர்ந்து நின்றது. என் பயிற்சி நோட்டை வாங்கி, பழைய வரியை அடிக்காமல், அதன் கீழே மேஸ்திரி இன்னொரு வரி எழுதினார்: "விரல் உண்டு."

அம்மாள் சொன்ன அந்த ஞாயிறுகளில் முதலாவது வந்தது. கூடத்தின் மறுபாதியில், பத்திரமான பக்கத்தில், நாற்பது பேரும் நின்று பாடினார்கள். இடமில்லாமல் ஜனம் தேவாலயத்தின் வாசல்வரை நின்றது. கூடம் முழுக்கப் பச்சை மரத்தின் பிசின் வாசம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முட்டு மரங்களுக்கு நடுவே மண்டி போட்டிருந்த அரசர்களைப் பார்த்தபோது, இவ்வளவு காலமும் இவர்கள் இந்த மரத்துக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றியது. குழு என்ன பாடியது, எந்தச் சுருதியில் பாடியது என்று என்னைக் கேட்காதீர்கள். பக்கத்திலிருந்த மரத்தில் இடது கை விரல்களை வைத்துக்கொண்டேன். நாற்பது பேரின் குரல் அதில் ஏறி வந்தது. மேஸ்திரியின் கட்டைக் குரல் தனியாகத் தெரிந்தது. சங்கீதம் என்று ஊரில் எல்லோரும் எதைக் கொண்டாடுகிறார்கள் என்று, என் வாழ்நாளில் அன்றுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

ஏப்ரலில் சாரம் கட்டிப் பளிங்குப் பலகையைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த இரும்புக் கொக்கிகளில் ஒன்றாவது கொக்கியாக இல்லை. விரலால் தொட்டதும் உதிர்ந்தன. சுவருக்கும் பலகைக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும் இடைவெளி. அதிகாரி தானே அதை அளந்து, தானே எழுதி, சாவிக்கார அம்மாளிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போனார். அம்மாள் அதை ஒரு தடவை வாசித்து, நாலாக மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று அவர் சாரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படியாக ஏறி, மேல் பலகையில், தேவதைகளுக்குச் சமமாகப் போய் நின்றார். முப்பது வருடம் கீழிருந்தே பார்த்த முகங்கள். பிடில் வைத்திருந்த தேவதையின் கன்னத்துக்கு நேராக அவர் கன்னம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டி அதன் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

எனக்குப் பெருமை பிய்த்துக்கொண்டு வந்தது. ஆறு மாதமாக இந்த அம்மாள் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. இப்போது விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. ஏணிக்குக் கீழிருந்து, எல்லோர் காதிலும் விழும்படியாகவே கேட்டேன்:

"அன்றைக்கு நான் தட்டியிருக்காவிட்டால் இது யாருக்குமே தெரிந்திருக்காது, இல்லையா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரிந்திருந்தது."